மாதக்கணக்கில் நிறுத்திய ஸ்னோமொபைல்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

முதல் நல்ல பனி விழுந்த காலையில், முன்னால் ஸ்கீயும் பின்னால் டிராக் என்னும் சுற்றும் ரப்பர் பட்டையுமாகப் பனியில் ஓடும் ஸ்னோமொபைலை வைத்திருக்கிற எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்கிறோம். உறையை உருவுகிறோம், சோக்கைத் தூக்குகிறோம், ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கிறோம். ஏழெட்டு மாதம் சும்மா நின்ற வண்டி என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவுக்கு வராது. எனக்கும் ஒருமுறை வரவில்லை. முப்பது தடவைக்கு மேல் இழுத்துத் தோள்பட்டை கழன்ற பிறகுதான், எஞ்சினுக்குக் காற்று போகும் பெட்டியான ஏர்பாக்ஸைத் திறந்தேன். இருக்கையின் ஸ்பாஞ்சு, காய்ந்த புல், கந்தல் எல்லாம் சேர்த்து உள்ளே உருண்டையாக ஓர் எலிக்கூடு. வண்டி கிளம்பியிருந்தால் அதில் பாதி கார்பரேட்டருக்குள் போயிருக்கும்.

அன்றிலிருந்து ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிளம்ப மறுக்கும் வண்டியால் பெரிய நஷ்டம் வராது. அரைகுறையாகக் கிளம்பி, "சரி, ஓட ஓட சரியாகிவிடும்" என்று நம்ப வைக்கும் வண்டிதான் பிஸ்டனைக் காவு வாங்கும். அதனால் கீழே உள்ளதில் கிளம்பாத வண்டியைப் பற்றிக் கொஞ்சம் வேகமாகவும், அரைகுறையாகக் கிளம்பும் வண்டியைப் பற்றி விரிவாகவும் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் கார்பரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக் வண்டிதான் மனதில் இருக்கிறது. மற்ற வகைகளுக்கு மாறும் இடங்களில் சொல்கிறேன். உங்கள் வண்டியின் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேட்டையே நம்புங்கள்.

கயிற்றைத் தொடுவதற்கு முன்

பத்து நிமிட வேலைதான். எஞ்சின் மூடியைத் திறந்து ஏர்பாக்ஸ், சைலன்சர் வாய் இரண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபேன் வைத்துக் குளிர்விக்கும் எஞ்சின் என்றால் ஃபேன் கூட்டுக்குள்ளும் பாருங்கள். சுண்டெலிக்குச் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை போதும். கூடு கிடைத்தால் பக்கத்திலேயே கடித்த வயரும் இருக்க வாய்ப்பு அதிகம். அதையும் அப்போதே தேடிவிடுங்கள்.

அப்புறம் ஆக்சிலேட்டர் லிவர். கட்டைவிரலால் முழுக்க அழுத்திச் சட்டென்று விடுங்கள். டக்கென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி வைத்தும் இதையே செய்து பாருங்கள். சோம்பலாகத் திரும்பினால் கேபிளுக்குள் துருவோ ஈரமோ இருக்கிறது, அல்லது கார்பரேட்டரின் ஸ்லைடில் (லிவரை அழுத்தினால் மேலே தூக்கும் கதவு) பழைய பெட்ரோலின் பிசின் ஒட்டியிருக்கிறது. இது சரியாகும் வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஸ்லைடு திறந்தபடி மாட்டிக்கொண்ட வண்டி, கிளம்பிய அடுத்த நொடி எதிரில் இருப்பதன் மேல் பாயும்.

டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். நல்ல பெட்ரோல் மூக்கில் சுருக்கென்று ஏறும். கெட்டது பழைய பெயிண்ட் டப்பா போல மந்தமாக நாறும். அந்த நாற்றம் வந்தால் மேலே புதிதாக ஊற்றிச் சமாளிக்க நினைக்காதீர்கள், மொத்தத்தையும் இறக்கிவிடுங்கள். கூலண்ட் அளவையும் ஆயில் டேங்க் அளவையும் பாருங்கள். நிறுத்தும்போது ஆயில் எவ்வளவு இருந்தது என்று நினைவிருந்தால் நல்லது, புகை விஷயத்தில் அது உதவும்.

ஸ்டார்ட் செய்வது எப்போதும் வெளியில்தான். மூடிய ஷெட்டில் கார்பன் மோனாக்சைடு வாசனையே காட்டாமல் ஆளைச் சாய்த்துவிடும்.

கயிறு அசையவே இல்லை

பலம் போட்டு இழுக்காதீர்கள். முதலில் இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள். இப்போது கயிறு வந்து, பிளக் ஓட்டையிலிருந்து பெட்ரோலோ ஆயிலோ பீச்சியடித்தால் எஞ்சினுக்குள் திரவம் தேங்கியிருந்தது என்று அர்த்தம். திரவத்தை அமுக்க முடியாது. பிளக்கோடு வைத்து முரட்டுத்தனமாகச் சுற்றியிருந்தால் கனெக்டிங் ராடே வளைந்திருக்கும். மெதுவாகப் பலமுறை இழுத்து எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். முகத்தை ஓட்டைக்கு நேராக வைக்க வேண்டாம். வயர்களையும் தள்ளி வையுங்கள், அங்கே ஒரு ஸ்பார்க் போதும் தீப்பிடிக்க.

பிளக் இல்லாமலும் வரவில்லையா? எஞ்சின் சுழற்சியை டிராக் பக்கம் கொண்டு போகும் டிரைவ் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, எஞ்சினோடு சுழலும் முன் கிளட்ச்சைக் கையால் திருப்பிப் பாருங்கள். கிளட்ச் திரும்பினால் எஞ்சின் நன்றாக இருக்கிறது, கோளாறு கயிறு சுற்றும் ரீகாயிலில் இருக்கிறது. ஸ்பிரிங் துருப்பிடித்தோ கொக்கி ஒட்டிக்கொண்டோ இருக்கும். பெல்ட் இருக்கும்போது வராமல், எடுத்ததும் வந்தால் பெல்ட் கிளட்ச் தகடுகளில் ஒட்டியிருந்திருக்கிறது, கூடவே டிராக் தரையோடு உறைந்திருக்கிறது.

கிளட்ச்சும் திரும்பவில்லை என்றால் சிலிண்டரில் துரு. துருவை இளக்கும் ஆயிலைப் பிளக் ஓட்டையில் ஊற்றி ஒரு நாளோ இரண்டு நாளோ விட்டு, பிறகு கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். இது விட்டுக்கொடுத்துச் சுற்ற ஆரம்பித்தாலும் எனக்கு நிம்மதி வராது. சிலிண்டர் சுவரில் துரு ஏறிய ஈரம் கீழே கிராங்க் பேரிங்கையும் விட்டிருக்காது. டூ-ஸ்ட்ரோக்கில் அந்தப் பேரிங்குகள் ஆயில் குளத்தில் மூழ்கி இருப்பவை இல்லை. ஓடும்போது பெட்ரோலோடு வரும் மெல்லிய ஆயில் படலம்தான் அவற்றுக்கு எல்லாம். அந்தப் படலம் வழிந்து போனால் அவை அம்மணம். அப்படிச் சுற்ற வைத்த எஞ்சினில் கரகரவென்ற சத்தம் கேட்டால், திறந்து பார்க்காமல் ஓட்ட வேண்டாம்.

கயிறு வருகிறது, எஞ்சினில் உயிர் இல்லை

முதலில் வெட்கப்பட வைக்கும் காரணங்களைப் பாருங்கள். ஹேண்டில்பாரில் எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச் அமுங்கியிருக்கிறதா? ஓட்டுகிறவர் விழுந்தால் எஞ்சினை அணைக்க உடம்போடு மாட்டிக்கொள்ளும் டெதர் கயிற்றின் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா? அந்த மூடிக்குள் இருக்கும் காண்டாக்ட்டில் பச்சை பூத்திருந்தால் எத்தனை இழுத்தாலும் ஸ்பார்க் வராமல் போகலாம்.

அடுத்து பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். ஈரமா, காய்ந்தா? மீதி வழியை இதுதான் தீர்மானிக்கும்.

காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. பிளக் ஓட்டையில் ஒரு தேக்கரண்டி பெட்ரோலை விட்டு, பிளக்கைப் பூட்டி இழுத்துப் பாருங்கள். அந்தப் பெட்ரோலில் ஆயில் கலந்திருக்க வேண்டும், லிட்டருக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் கணக்கு. இரண்டு நொடி பிடித்து அணைந்தால் ஸ்பார்க், கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் வரும் அழுத்தம்) இரண்டும் இருக்கிறது, டேங்குக்கும் கார்பரேட்டருக்கும் நடுவில்தான் தேட வேண்டும். பழைய ரப்பர் குழாய் விறைத்து மயிரிழை வெடிப்பு விட்டிருந்தால் பெட்ரோல் ஒழுகக்கூட ஒழுகாது, பம்பு இழுக்கும்போது காற்றை மட்டும் உறிஞ்சும். குழாயை விரல்களுக்கு நடுவில் மடக்கிப் பாருங்கள். வளையாமல் நொறுங்குவது போல் இருந்தால் எல்லாக் குழாயையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அதுவும் சரி என்றால் பம்பின் உள்ளே உள்ள மெல்லிய டயாஃப்ரம் காய்ந்து விறைத்திருக்கும். கிராங்க் கேஸின் அழுத்த ஏற்ற இறக்கத்தில் துடிக்கும் பொருள் அது. விறைத்தால் துடிக்காது.

ஈரமாக இருந்தால் இரண்டு சந்தேகம். நிறுத்தும்போது துரு பிடிக்காமல் இருக்க எஞ்சினுக்குள் அடித்த ஃபாகிங் ஆயில் பிளக்கை மூடியிருக்கலாம், அல்லது பெட்ரோல் அதிகமாகிப் பிளக் நனைந்திருக்கலாம். பிளக்கைத் துடைத்து, வயரை மாட்டி, உலோகப் பகுதியை எஞ்சின் உடம்பில் அழுத்திப் பிடித்து ஸ்பார்க் பாருங்கள். ஓட்டையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். எஞ்சினில் படாமல் அந்தரத்தில் வைத்து இழுப்பது இக்னிஷன் பெட்டிக்கு ஆகாது.

ஸ்பார்க்கே இல்லை, சுவிட்சுகளும் வயர்களும் சரி என்றால், பலர் தவறவிடும் ஒன்றைச் சொல்கிறேன். சில வண்டிகளில் ஆக்சிலேட்டர் லிவருக்குள் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் உண்டு. கேபிள் தொய்ந்தால், கார்பரேட்டர் திறந்தபடி மாட்டிக்கொண்டது என்று எடுத்துக்கொண்டு இக்னிஷனை வெட்டிவிடும். பிசினால் ஸ்லைடு அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் கேபிள் தொய்யும், ஸ்பார்க் போய்விடும். இக்னிஷன் பெட்டியை மாற்றும் செலவுக்குப் போகும் முன் லிவரைச் சுண்டிப் பாருங்கள்.

பேட்டரி உள்ள ஃப்யூல் இன்ஜெக்ஷன் வண்டியில் சாவி போட்டதும் டேங்குக்குள் பம்பு ஓரிரு நொடி முனகுவது கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பேட்டரி, ஃபியூஸ், எலி கடித்த வயர், இந்த வரிசையில் பாருங்கள்.

செல்ஃப் ஸ்டார்ட் உள்ள வண்டி டிக் டிக்கென்று மட்டும் சொன்னால் பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் அநேகமாகக் காலி. வாரக்கணக்கில் காலியாகவே கிடந்த லெட்-ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்துவிடும், மறுபடி சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு வராது. இன்னொன்று, நிறைந்த பேட்டரி கடுங்குளிரிலும் உறையாது, காலி பேட்டரியோ உறைநிலைக்குச் சில டிகிரி கீழே போனாலே உறைந்துவிடும். பக்கங்கள் உப்பியிருந்தால் சார்ஜரை மாட்டாதீர்கள்.

எஞ்சினைச் சீக்கிரம் பிடிக்க வைக்கக் காற்றுப் பாதையில் அடிக்கும் ஈதர் ஸ்ப்ரே பற்றிக் கேட்பார்கள். டூ-ஸ்ட்ரோக்கில் நான் அதைத் தொடுவதில்லை. அதில் ஆயில் கிடையாது, இருக்கிற ஆயிலையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் அணைகிறது

இங்கேதான் கொஞ்சம் உட்கார வேண்டும். இந்த அறிகுறியோடு எத்தனையோ வண்டிகள் ஓட்டத்துக்குப் போகின்றன, பாதி வழியில் பிஸ்டன் இறுகிப் பிடித்து, சீஸ் ஆகித் திரும்புகின்றன.

சோக் என்ன செய்கிறது? கலவையில் பெட்ரோலைக் கூட்டுகிறது. சூடேறிய பிறகும் அது தேவைப்படுகிறது என்றால், வர வேண்டிய பாதையில் பெட்ரோல் குறைகிறது. நிறுத்தி வைத்த வண்டியில் அதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், மெது ஓட்டத்தில் பெட்ரோல் விடும் சிறு பித்தளைத் துளையான பைலட் ஜெட்டில் அடைப்பு.

பெட்ரோல் ஒரே பொருளாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அது பல எண்ணெய்களின் கலவை. லேசானவை முதலில் ஆவியாகின்றன. அவைதான் குளிரில் எஞ்சினைப் பிடிக்க வைப்பவை. கனமானவை தங்கி, காற்றோடு சேர்ந்து பிசினாகின்றன. கார்பரேட்டர் கிண்ணத்தில் இருப்பது கொஞ்சம் பெட்ரோல்தான் என்பதால் டேங்கை விட அங்கே இது சீக்கிரம் நடக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஓரளவு வரை தாங்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். குளிர் கூடக் கூட அந்தத் தாங்கும் அளவு குறையும், அதாவது நாம் வண்டியை எடுக்கிற பருவத்தில்தான் பிரியும். டேங்கில் பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் முனையும் அடியில்தான் கிடக்கிறது.

சந்தேகமாக இருந்தால் கிண்ணத்தில் இருப்பதை ஒரு கண்ணாடிக் குவளையில் இறக்கிப் பாருங்கள். புது பெட்ரோல் தெளிவாக இருக்கும். நான் ஒருமுறை இறக்கியது தேநீர் நிறத்தில் இருந்தது. குவளையைச் சாய்த்தபோது அடியில் ஒரு முத்து உருண்டு ஓடியது, மேலே இருந்ததோடு ஒட்டவே இல்லை. அது தண்ணீர்.

கார்பரேட்டரைக் கழற்றி, கிண்ணத்தைத் திறந்து, பைலட் ஜெட்டைத் திருகி எடுங்கள். தலை பிளந்துவிடாதபடி சரியான அகலமுள்ள திருப்புளி வேண்டும், பித்தளை மிருதுவானது. ஜெட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடியுங்கள். நடுவில் ஊசிமுனை வெளிச்சம், வட்டமாக, விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். பிறை நிலா போலத் தெரிந்தாலும் அடைப்புதான், அதைச் சுத்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஓட்டை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, அதில் கால்வாசி மறைந்தாலே கலவை மாறிவிடும்.

கார்பரேட்டர் கிளீனரில் ஊற வைத்து, அழுத்தக் காற்றால் ஊதுங்கள். பிடிவாதமாக இருந்தால் நைலான் இழை ஒன்றை விடலாம். இரும்புக் கம்பி வேண்டாம், பித்தளையை ராவி ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். ஜெட்டை மட்டும் சுத்தம் செய்துவிட்டு மூடிவிடுவது பலர் செய்யும் தவறு. ஜெட்டிலிருந்து காற்றுப் பாதைக்குப் போகும் நுண்ணிய ஓட்டைகளிலும் அதே பிசின்தான் இருக்கும். கிளீனரின் மெல்லிய குழாயை ஒரு துளையில் வைத்து அடித்தால் மறு துளையில் பீச்ச வேண்டும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று ஸ்க்ரூவைக் கழற்றும் முன், மெதுவாக அடி தட்டும் வரை எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எண்ணி எழுதுங்கள். திரும்பப் பூட்டும்போது அடி தட்டிவிட்டு அதே அளவு வெளியே எடுத்தால் போதும்.

சரி, இவ்வளவு பயம் ஏன்? பெட்ரோல் குறைந்த கலவை சூடாக எரியும். அலுமினிய பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் உராயும், கொஞ்ச தூரத்தில் பிடித்துக்கொள்ளும். ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றும் பழைய வண்டி என்றால் இன்னும் மோசம், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் சேர்ந்தே குறைகிறது. இரண்டு சிலிண்டர், இரண்டு கார்பரேட்டர் உள்ள வண்டியில் இது ஏமாற்றும். ஒன்று சுத்தமாக இருக்கும், இன்னொன்று பாதி அடைத்திருக்கும். சுத்தமான சிலிண்டர் வண்டியை இழுத்துக்கொண்டு போகும், ஓட்டுகிறவருக்குக் கொஞ்சம் மந்தம் என்று மட்டும் தோன்றும். அடைத்த பக்கம் உள்ளேயே வெந்துகொண்டிருக்கும். அதனால் கார்பரேட்டர் சுத்தம் செய்தால் எல்லாவற்றையும் செய்யுங்கள். பிறகு கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு இரண்டு பிளக்கையும் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி வெளிர் பழுப்பாக இருக்க வேண்டும். ஒன்று வெள்ளையாக, சுட்ட சுண்ணாம்பு மாதிரி இருந்தால் அந்தப் பக்கம் இன்னும் சரியாகவில்லை.

லிவரை விட்டாலும் எஞ்சின் வேகம் இறங்கவில்லை

ஐடிலில் (லிவரைத் தொடாத மெது ஓட்டத்தில்) நிற்காமல் வேகம் மேலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது, அல்லது தானாக வேகம் ஏறுகிறது. உடனே அணையுங்கள். கேபிளும் ஸ்லைடும் சரியாக இறங்குகின்றன என்றால் எங்கோ காற்று உள்ளே போகிறது. கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர் இணைப்புகளை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு உள்பக்கம் வரை போயிருந்தால் மாற்ற வேண்டும். வெளியில் தெரியவில்லை என்றால், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து அந்த இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைப் பீச்சுங்கள். எந்த இடத்தில் அடிக்கும்போது ஓட்டம் மாறுகிறதோ அதுதான் இடம். சூடான எஞ்சினைச் சுற்றித் தீப்பிடிக்கக்கூடிய ஸ்ப்ரேயை அடித்துச் சோதிக்கிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை.

ரப்பரும் நன்றாக இருந்தால் மிஞ்சுவது, கிராங்க் தண்டின் முனையில் காற்று புகாமல் தடுக்கும் கிராங்க் சீல். ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் அது காய்ந்து சுருங்கும். அதற்கு எஞ்சினை அடைத்து அழுத்தச் சோதனை செய்ய வேண்டும், அது பட்டறை வேலை.

புகை

நன்றாக ஃபாகிங் செய்து நிறுத்திய வண்டி முதல் நாள் அந்த இடத்தையே மேகமாக்கும். ஐந்து பத்து நிமிடத்தில் தெளிந்தால் கவலை வேண்டாம். இதற்குத்தான் முதல் ஓட்டத்துக்குப் பழைய பிளக்கைப் போடச் சொல்வேன், புகை அடங்கியதும் புதியதை மாட்டலாம்.

அடங்கவில்லை, ஆயில் டேங்க் அளவும் நிறுத்தியபோது இருந்ததை விட இறங்கியிருக்கிறது என்றால், ஆயில் பம்பின் வால்வு சரியாக மூடாமல் மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கிறது. எரிந்து தீர்ந்துவிடும். ஆனால் அடுத்த முறை நிறுத்தும் முன் அந்த வால்வைப் பாருங்கள். புகை வெள்ளையாக, இனிப்பு வாடையோடு வந்தால் கூலண்ட் எரிகிறது, ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், புகையே வராத டூ-ஸ்ட்ரோக்தான் அதிகம் பயமுறுத்த வேண்டியது. ஆயில் டேங்கைக் கழற்றி மாட்டியிருந்தாலோ காலியாக விட்டிருந்தாலோ குழாயில் காற்று புகுந்து ஆயில் வராமலே எஞ்சின் ஓடும். ஆயில் குழாயில் குமிழி தெரிகிறதா பாருங்கள், பம்பில் காற்றெடுக்கும் ஸ்க்ரூவைத் திறந்து குமிழி நிற்கும் வரை விடுங்கள். சந்தேகம் இருந்தால் கார்பரேட்டர் வண்டியில் முதல் டேங்க் பெட்ரோலில் 50-க்கு 1 ஆயிலைக் கலந்து ஊற்றிவிடுவேன். பிளக் கொஞ்சம் கறுக்கும், அவ்வளவுதான்.

எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. அல்லது உதறுகிறது, அலறுகிறது

நகரவே இல்லை என்றால் ஆக்சிலேட்டரை மேலும் அழுத்தாதீர்கள். டிராக் தரையோடு உறைந்திருக்கலாம். முன் கிளட்ச் சுழல, பெல்ட் நின்ற இடத்திலேயே உராய்ந்து ஒரே இடத்தில் தேய்ந்து இடுப்பு போல ஒடுங்கிவிடும். அந்தப் பெல்ட் அதன்பிறகு எந்த நாளும் உதறாமல் ஓடாது. எஞ்சினை அணைத்து, பின்பக்கப் பம்பரைத் தூக்கி இரண்டு மூன்று தடவை கீழே போடுங்கள். ஸ்கீகளையும் பக்கவாட்டில் அசைத்துவிடுங்கள்.

கிளம்பும்போது மட்டும் தட் தட்டென்று உதறினால், மாதக்கணக்கில் ஒரே வளைவில் இருந்து பெல்ட் அந்த வடிவத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சில கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் பெரும்பாலும் இளகிவிடும். கீச்சென்று அலறி ரப்பர் கருகும் வாடை வந்தால் பெல்ட்டைக் கழற்றிப் பக்கவாட்டைப் பாருங்கள். கண்ணாடி போல மின்னினால் மெருகேறி வழுக்குகிறது. லேசாக உப்புத்தாள் போட்டு மெருகை எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள். அடியில் பல் வெடித்திருந்தாலோ நூல் பிரிந்திருந்தாலோ புதியதுதான்.

கிளட்ச் தகடுகளில் பெல்ட் நின்ற இடத்தில் துரு வளையம் இருக்கும். நார்ப் பஞ்சால் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் அல்லது அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள். அங்கே ஆயிலோ துரு நீக்கும் ஸ்ப்ரேயோ பட்டால் பெல்ட் வழுக்கும். திரும்ப மாட்டும்போது பெல்ட்டின் அம்புக்குறியைப் பாருங்கள். ஓடிப் பழகிய திசையிலேயே ஓடட்டும்.

லிவரைத் தொடாமலேயே வண்டி மெல்ல ஊர்ந்தால் கிளட்ச் முழுக்கத் திறக்கவில்லை, அல்லது பெல்ட் மிக இறுக்கமாக இருக்கிறது, அல்லது ஐடில் வேகம் கூடுதலாக இருக்கிறது. பக்கத்தில் குழந்தைகள் நிற்கும் இடத்தில் இதைச் சோதிக்க வேண்டாம்.

பின்பக்கத்தைத் தூக்கி வைத்து டிராக்கைச் சுற்றிப் பார்க்கும்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது. டிராக்கில் பதித்த ஸ்டட் என்னும் உலோக ஆணி கழன்றால் தோட்டா மாதிரி வரும்.

பத்து நிமிடம் ஓடி அணைகிறது

டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனால் டேங்கின் காற்றுக் குழாய் அடைத்திருக்கிறது. பூச்சி கூடு கட்டியிருக்கும், அல்லது இருக்கைக்கு அடியில் மடங்கியிருக்கும். உஸ் இல்லை என்றால் பெட்ரோலில் இருந்த தண்ணீர் ஃபில்டரில் உறைந்திருக்கிறதா பாருங்கள்.

சூடு விளக்கு

கூலண்ட் வண்டியில் டிராக் கிளப்பும் பனிதான் ரேடியேட்டருக்குக் குளிர்ச்சி. வெறும் தரையில் நிற்க வைத்து ஓட்டினால் எந்த நல்ல வண்டியும் சூடாகும். டிராக் ஓடும் பிளாஸ்டிக் ஸ்லைடுகளுக்கும் பனிதான் மசகு, பனி இல்லாமல் ஓட்டினால் அவை உருகி டிராக் கிளிப்போடு ஒட்டும். பனியிலும் சூடானால் கூலண்ட் குறைந்திருக்கிறது அல்லது உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. மூக்கை உயர்த்தி வைத்துக் காற்றெடுக்க வேண்டும். ஃபேன் வண்டியில் ஃபேன் பெல்ட்டையும், சிலிண்டர் துடுப்புகளுக்கு நடுவே எலி அடைத்த புல்லையும் பாருங்கள்.

பிரேக், செயின் கேஸ், சக்கரங்கள்

பிரேக் லிவர் பஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் குழாயில் காற்று புகுந்திருக்கிறது, பழைய பிரேக் ஆயில் ஈரமும் குடித்திருக்கும். மாற்றிக் காற்றெடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எப்படியும் மாற்ற வேண்டியதுதான். லிவரை விட்டும் டிஸ்க் சூடாகவே இருந்தால் காலிப்பர் பிஸ்டன் துருவில் மாட்டியிருக்கிறது. டிராக்கை ஓட்டும் செயின் இருக்கும் பெட்டியான செயின் கேஸில் ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. காந்தம் பதித்த திருகு மூடியில் மாவு போன்ற துகள் சகஜம், சில்லுகள் வந்தால் திறந்து பார்க்க வேண்டும். டிராக்கின் சிறு சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றுங்கள். கரகரப்பது அடுத்த வாரம் உடையும்.

இப்போது நிறுத்தப் போகிறவர்களுக்கு

டேங்கைக் கிட்டத்தட்ட நிரப்பி, விரிவடையக் கொஞ்சம் இடம் விட்டு, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரை டப்பாவில் சொன்ன அளவு ஊற்றுங்கள். ஊற்றியதோடு விடாமல் ஐந்து பத்து நிமிடம் எஞ்சினை ஓட்ட வேண்டும், கார்பரேட்டருக்குள் பழைய பெட்ரோலே நின்றால் ஸ்டெபிலைசர் டேங்கில் இருந்து என்ன பயன்? பிறகு ஏர்பாக்ஸ் பக்கம் ஃபாகிங் ஆயில் அடித்து, புகை கக்கும்போது அணையுங்கள். பிளக் ஓட்டையிலும் கொஞ்சம் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று இழுப்பு. நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சின்கள் சிலவற்றில் இதைத் தானே செய்யும் வசதி உண்டு, அங்கே கையேட்டின்படி போங்கள். ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் எஞ்சின் ஆயிலை நிறுத்தும் முன்பே மாற்றுங்கள், ஓடிய ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும்.

பெல்ட்டைக் கழற்றித் தட்டையாக வையுங்கள். சஸ்பென்ஷனுக்குப் பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும் வரை புது கிரீஸ் அடியுங்கள். டிராக் தரையைத் தொடாதபடி பின்பக்கத்தைத் தூக்கி வையுங்கள். பேட்டரியைக் கழற்றி மாதம் ஒருமுறை சார்ஜ் பாருங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம், உள்ளே வியர்த்துக் கொட்டும். காற்றுப் போகும் துணி உறைதான் சரி.

மாதாமாதம் இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பது நல்லது என்று சொல்பவர்கள் உண்டு. எஞ்சின் சூடாகவும் ஆகாது, ஃபாகிங் படலம் கழுவிப் போகும், எரிந்த பெட்ரோலின் நீராவி உள்ளேயே படியும். தூங்க வைத்ததைத் தூங்கவே விடுங்கள்.

சைலன்சர் வாயிலும் ஏர்பாக்ஸ் வாயிலும் எலி நுழையாமல் துணியோ எஃகுப் பஞ்சோ அடைத்துவிட்டு, எங்கெங்கே அடைத்தீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதுங்கள். சீட்டை ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடியிலேயே கட்டுங்கள். வேறு எங்கே கட்டினாலும் கண்ணில் படாது, முதல் பனியன்று கை நேராக அங்கேதான் போகும்.